சீராக வந்த படகு

புதன்கிழமை மத்தியானம் மாமா வருவார், படகை எடுத்துக்கொண்டு போவார். அதற்குள் படகில் குடியிருந்த எலிகளின் சுவடே தெரியாமல் அதைக் கழுவி வைத்தாக வேண்டும். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்ட பெண் செய்கிற வேலையா இது என்று யாராவது கேட்டால், நானும் அதையேதான் கேட்கிறேன். முந்தின நாள் வைத்த மருதாணியின் மேல் ரப்பர் கையுறை மாட்டி, மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் கட்டிக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன்பே கொட்டகையில் நின்றேன்.

காரமடைக்குக் கிழக்கே, குளத்தை ஒட்டி எங்கள் தோட்டம். குளத்தங்கரையில் இருக்கிறோமே தவிர, எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல்கூடத் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்குப் படகு எதற்கு? புது வீடு கட்டிக் குடிபோன அன்றைக்கு என் தாய்மாமன் அரங்கசாமி கொண்டுவந்த சீர் அது. அவர் அம்மாவின் ஒரே தம்பி. துடியலூரில் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடங்களுக்குச் சறுக்கு, பூந்தொட்டி எல்லாம் செய்வார். சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால், பட்டறையில் தயாராகும் ஒவ்வொரு சறுக்கிலும் முதலில் சறுக்குவது நான்தான். "அம்மணி சறுக்கிப் பாத்தாத்தான் சரக்கு வெளிய போகோணும்" என்பார்.

நாங்கள் குடிபோன வருஷம் குளம் கரை தொட்டு நிறைந்து கிடந்தது. மாமா ராத்திரி பகலாக வேலை செய்து, தன் கையாலேயே ஒரு நீலப் படகு செய்து, மாலை போட்டு, மேளத்தோடு டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். சொந்தக்காரர்கள் எல்லாம் பித்தளை அண்டாவையும் பீரோவையும் எதிர்பார்த்து நின்றிருந்தார்கள். எங்கள் அம்மா குழந்தையம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன்டா அரங்கா, உங்க மச்சான் இனி மீன் புடிச்சு விக்கோணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமாவும் சிரித்தார். பந்தி போட்டுத் தேடும்போது ஆள் இல்லை. அக்கா வீட்டில் கை நனைக்காமல் போய்விட்டார்.

அடுத்த கோடையில் குளம் வற்றிவிட்டது. படகு கொட்டகைக்குள் போனது. மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இப்போது என் கல்யாணம். எங்கள் சனத்தில் பெண்ணை மேடைக்கு அழைத்துப் போவதற்கு முன், தாய்மாமன்தான் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அவர் வராவிட்டால் தூரத்து முறையில் யாராவது ஒரு மாமனைப் பிடித்து நிறுத்திக் கட்டவைத்துவிடுவார்கள். மண்டபம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசும். பேசட்டும், அது எனக்குப் பெரிதில்லை. எனக்கு என் மாமாதான் கட்ட வேண்டும். வேறு எவன் கையாவது என் நெற்றியில் படுவதை நினைத்தாலே எரிச்சலாக இருந்தது.

அப்பாவும் அம்மாவும் தாம்பாளத்தோடு போய் அழைத்தார்கள். மாமா பத்திரிகையை வாங்கிக்கொண்டு, வருகிறேன் என்றும் சொல்லாமல், வரமாட்டேன் என்றும் சொல்லாமல், "அந்தப் படகு அங்க சும்மாதான கெடக்குது? புதன்கெழம மத்தியானம் டெம்போ கொண்டுட்டு வாரேன். எடுத்துக்கறேன்" என்றாராம். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா வாயே திறக்கவில்லை என்று அப்பா சொன்னார். அம்மா பேசாமல் இருப்பதைப் போலக் கலவரமான விஷயம் எங்கள் வீட்டில் வேறில்லை.

"குடுத்த சீரத் திருப்பி எடுத்துக்கிட்டான்னா, அப்பறம் என்னம்மணி ஒறவு?" என்றார் அப்பா.

சரி, எடுத்துப் போகிறவர் அதை நல்ல நிலையிலாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தார்ப்பாயை விலக்கினால், உள்ளே எலிகளின் ராஜ்ஜியம். இருக்கையின் ஸ்பாஞ்சைக் கடித்துத் துருவி மெத்தை போட்டிருந்தன. மிதவைச் சட்டைகள் கந்தல். கயிறு துண்டு துண்டாகக் கிடந்தது. எங்கு பார்த்தாலும் புழுக்கை, மூத்திரக் கறை, கடலைத் தோல். ஆம், கடலை, அம்மாவின் பேச்சில் 'கல்ல'. எங்கள் அம்மா அந்தப் படகு நிறைய விதைக் கடலையைக் கொட்டி வைத்திருந்தார்.

அம்மாவுக்குக் காலி இடம் ஒன்று கண்ணில் பட்டுவிடக் கூடாது. என் கல்லூரிப் பெட்டியில் தட்டப்பயிறு இருக்கிறது. வாஷிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டியில் புளி. படகை மட்டும் விட்டுவைப்பாரா? மிச்சமிருந்த நல்ல கடலையை முந்தின நாளே மூட்டை கட்டி வீட்டுக்குள் ஒளித்துவிட்டார். மீதி வேலை எங்கள் தலையில்.

அப்பா சீமாற்றை எடுத்துக்கொண்டு படகுக்குள் இறங்கினார்.

"அப்பா, தூத்தாதீங்க! மொதல்ல பிளீச்சிங் தண்ணி தெளிச்சு, ஊறவெச்சு, தொடச்சுத்தான் அள்ளோணும்."

"எலிப் புழுக்கைக்கு எதுக்கம்மணி இத்தன மரியாத?"

"காஞ்ச தூசி மூக்குல போனா காச்சல் வருமுங்க. கல்யாணத்தன்னைக்கு ஆஸ்பத்திரில படுத்துக்கறீங்களா?"

அப்பா சீமாற்றைக் கீழே போட்டார். தெளித்தோம். ஊற வேண்டும். அந்த ஊறுகிற நேரம்தான் பெரிய கொடுமை. கொட்டகைக்கும் தோட்டத்துக் கேட்டுக்கும் நடந்தேன். ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் அம்மா வாசலுக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அடுப்பைப் பற்ற வைத்தார், அணைத்தார். அவர் என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

நடுவில் மாப்பிள்ளை கிருபாசங்கர் ஃபோன் செய்தார். என்ன பண்ணுகிறாய் என்றார். எலிப் புழுக்கை அள்ளுகிறேன் என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் ஃபோனையும் சேர்த்து பிளீச்சிங் வாளியில் போட்டிருப்பேன்.

ஈரத் துணியால் துடைத்துத் துடைத்துப் பைகளில் கட்டிப் போட்டோம். அப்பா குழி வெட்டிப் புதைத்தார். சோப்புப் போட்டுத் தேய்த்து, ஹோஸ் பிடித்து அலசினோம். படகு பளபளவென்று நீலமாகத் தெரிந்தது. ஆனால் நாற்றம் மட்டும் போகவில்லை. செத்த நாற்றம். மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. மறுபடி கழுவினோம். ஃபினாயில் ஊற்றினோம். ஃபினாயில் வாசனைக்குக் கீழே அந்த நாற்றம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அம்மா படகுக்குள் இறங்கி, தலையில் இருந்த ஹேர்பின்னை எடுத்து, பலகை இடுக்குகளைக் குடைய ஆரம்பித்தார்.

"கல்லத் தொலி ஒன்னுகூட இருக்கக் கூடாது. அவங் கண்ணுல பட்டுதுன்னா முடிஞ்சுது."

"கொட்டறப்ப தெரியலீங்களா? தம்பி செஞ்சு குடுத்தத் தூக்கிக் கடலக் குதிரு ஆக்கிப்போட்டு, இப்ப ஹேர்பின்னுல குடையறீங்க. வேற எடமே கெடைக்கலீங்களா உங்களுக்கு?"

நான் கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். அம்மா நிமிர்ந்து பார்த்தார். திரும்பக் குனிந்து குடைந்துகொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை.

மத்தியானம் வருகிறேன் என்றவர் முன்னதாகவே வந்துவிட்டார். படகு காய்வதற்குள் டெம்போ கேட்டுக்குள் நுழைந்தது. முஸ்தபா அண்ணன்தான் ஓட்டி வந்தார், பட்டறைச் சரக்கெல்லாம் அவர் வண்டியில்தான் போகும். மாமா இறங்கினார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்து, "நல்லா இருக்கறயா அம்மணி?" என்றார். அவ்வளவுதான். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"வேண்டாங்க்கா. இப்பத்தான் குடிச்சேன்."

வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகக் கொட்டகைக்குப் போனார். படகைச் சுற்றி வந்தார். விளிம்பில் விரலை ஓட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. பல் தடம்.

"எலியா?"

"ஒன்னு ரெண்டு வந்துருக்குமாட்ட இருக்குது மாப்பள" என்றார் அப்பா. பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மாமா மூக்கை உறிஞ்சினார். படகுக்குள் ஏறி, முன்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தார். எங்களுக்குச் சாதாரண இருக்கைப் பலகையாகத் தெரிந்ததன் ஓரத்தில் தடவினார். "இதுக்குள்ள காத்து ரூம் ஒன்னு வெச்சுருக்கறேன், படகு மொழுகாம இருக்கறதுக்கு. அடியில ஓட்ட போட்டு உள்ள பூந்துருக்குது" என்றபடி, சட்டைப் பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரால் திருகாணிகளைக் கழற்றினார்.

"மாமா, வெறுங் கைய உட்றாதீங்க!" என்று கத்தி, ஒரு ஜோடி கையுறையை வீசினேன்.

மாட்டிக்கொண்டு பலகையைத் தூக்கினார். நாற்றம் எல்லோரையும் ஓர் அடி பின்னுக்குத் தள்ளியது. செத்து அழுகிப்போன எலி ஒன்று. அதைச் சுற்றி ஸ்பாஞ்சுத் துருவல். அதற்கும் அடியில், அறை நிறைய, எலிகள் சேர்த்து வைத்த கடலை. சிவப்புச் சிவப்பாக, தொலியோடும் தொலியில்லாமலும், படகின் தரையில் சரிந்து கொட்டியது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமா குனிந்து ஒன்றை எடுத்து, விரலில் உருட்டிப் பார்த்தார். "இது வெதக் கல்லயாச்சே" என்றார். "படகுலயா கொட்டி வெச்சிருந்த?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுத்தேன், அதற்குள் அம்மா உடைந்துவிட்டார்.

"ஆமாண்டா, கொட்டித்தான் வெச்சேன். மூட்டைல வெச்சா எலி. டிரம்முல வெச்சா வேர்த்துப் பூஞ்சை புடிக்குது. உன்ற ஃபைபரு வழுவழுன்னு இருக்குது, இதுல எலி ஏறாதுன்னு வெச்சேன். மொத வருசம் ஒத்த எலி ஏறல. ஒரு வெத சோடை போகல. எந் தம்பி செஞ்சது எப்புடிப் பாருன்னு சுத்துப்பட்ட தோட்டத்துக்காரங்க அத்தன பேருத்தையும் கூட்டியாந்து காட்டுனேன். கேட்டுப் பாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினார். "இந்த மனுசன் தூசி உளுகுதுன்னு தார்ப்பாயத் தரை வரைக்கும் தொங்கப் போட்டாரு. எலி அதப் புடிச்சு ஏறி வந்துருச்சு."

அப்பா கூரையைப் பார்த்தார்.

நான் தலை குனிந்தேன். தெரிந்தவர்கள் வந்து படகைப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று அப்பா எப்போதோ சொன்னார். வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலைப் பொழுது முழுக்க நாங்கள் விழுந்து விழுந்து கழுவித் தள்ளியது, மாமா கண்ணில் முதலில் பட்டிருக்க வேண்டிய விஷயத்தை.

"அன்னைக்கு நாஞ் சொன்னது தப்புதான் கண்ணு" என்றார் அம்மா. "சிரிக்கறதுக்குச் சொன்னேன். நீ சோறு உங்காமப் போயிட்ட. அப்பறம் எந்த மொகத்தோட வந்து, படகுல கல்ல போட்டு வெச்சுருக்கறேன்னு உங்கிட்டச் சொல்லுவேன்?"

மாமா அந்தக் கடலையில் ஒரு கை அள்ளினார். "கோழி அடையறதுக்குப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். "மழையில கெடந்து பாசி புடிச்சுப் போயிருக்கும், அதயப் பாக்க வேண்டாமுன்னுதான் வராமயே இருந்தேன். வெதயா போட்டு வெச்ச?" கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார்.

"மாமா, கையுறை!" என்றேன். அப்படியே நிறுத்திக்கொண்டார். முஸ்தபா அண்ணன்தான் தன் கர்ச்சீப்பால் துடைத்துவிட்டார்.

"ஏனுங்க, ஏத்தறதுங்களா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏத்தோணும்" என்றார் மாமா. அம்மாவின் முகம் செத்துப் போனது.

"மூடி இல்லாம எவனாச்சும் வெத வெப்பானா? பட்டறைக்குக் கொண்டுட்டுப் போய் இந்தக் காத்து ரூம அடச்சு, மேல இறுக்கமா ஒரு மூடி செஞ்சு கொண்டாறேன். தார்ப்பாய் கீர்ப்பாய் ஒன்னும் போட வேண்டாம், மச்சா." இடுப்பில் இருந்த டேப்பை உருவிப் படகின் நீளத்தை அளக்கத் தொடங்கினார். அகலத்தை அளந்தார். முனையை அளந்தார். அளந்துகொண்டே, "அக்கா, ஊட்ல சோறு இருக்குதா?" என்றார்.

இல்லை. காலையிலிருந்து அடுப்பைப் பற்ற வைத்து அணைத்ததைத் தவிர அம்மா ஒன்றுமே சமைத்திருக்கவில்லை.

"சித்த நேரம் இரு சாமி, அரிசிம்பருப்புச் சோறு வெச்சுத் தாரேன். போயிராதடா. ஏனுங்க, அவனப் போக உட்றாதீங்க!" என்று கத்திக்கொண்டே அம்மா வீட்டுக்கு ஓடினார். இத்தனை வேகமாக அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

மாமா கையுறையைக் கழற்றிப் பையில் போட்டார். குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார், டேப்பையும் சேர்த்துக் கழுவினார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"அம்மணி, அந்த மாஸ்க்கக் கழட்டீட்டு இக்கட்ட வா. பட்டத்துக்கு அளவு எடுக்கோணும்."

ஈர டேப் நெற்றியில் ஜில்லென்று பட்டது. நான் ஆடாமல் நின்றேன்.