பத்தாவது வரி

“அக்கா, பிளக் எங்க கீது?”

உடலை வைக்க வாடகைக்குக் கொண்டுவந்த ஃப்ரீசர் பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்திருந்த சின்னப்பன் மூச்சு வாங்கக் கேட்டான். பின்பக்கம் பிடித்தவர் இன்னும் வாசற்படியிலேயே நின்றார். சேலையூரில் அந்த வீட்டுக் கூடம் அவ்வளவு சின்னது. பாயில் முகிலன் கிடந்தான். காலை ஐந்தரைக்கு மாத்திரை கொடுக்க எழுப்பப் போனபோது அவன் கை சில்லிட்டிருந்தது. தலைமாட்டில், பீரோ உயரத்துக்கு, அவனுடைய வீடியோ கேம் பெட்டி.

முகிலனின் அக்கா கீதா சுவரைக் காட்டினாள். அங்கிருந்த ஒரே பெரிய பிளக்கில் கேம் பெட்டியின் ஒயர் செருகியிருந்தது. திரையில் சத்தமில்லாமல் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு பக்கமும் பெட்டியே ஆடும்.

“சாவு வீட்ல இது என்னம்மா கூத்து? முதல்ல அணை,” என்றார் வண்டலூரிலிருந்து வந்திருந்த பெரியண்ணன் ஏகநாதன். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “நேத்து டயாலிசிஸ் முடிஞ்சு நல்லாத்தானே வந்தான்?”

“ம்,” என்றாள் கீதா.

சின்னப்பன் திரையைப் பார்த்துவிட்டான். “ஐய, இந்த கேமா! கேம்ப் ரோட்ல ஸ்கூல் கட்டடிச்சிட்டு இதுலதான் கெடப்பேன். அந்தச் சிலம்பக்காரன மூலைல தள்ளு, குந்திகினு கால வாரிகினே இரு. திருப்பி அடிக்கவே தெரியாது பேமானிக்கு.”

முகிலனும் அதைத்தான் குறை என்பான். வீடியோ கேம் கடை ஒன்றை மூடியபோது ஆசையாக வாங்கி வந்த பெட்டி. ஒரு குச்சி, இரண்டு பொத்தான். ஒன்று குத்து, ஒன்று உதை. குச்சியைப் பின்னால் இழுத்தால் தடுப்பு. குத்து சீக்கிரம் போய்ச் சேரும், உதை தூரம் போய்ச் சேரும். மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும். அதிர்ஷ்டத்துக்கு இடமே கிடையாது. தோற்றால், எந்த இடத்தில் தோற்றோம் என்று விரல் வைத்துக் காட்டலாம். இந்த நேர்மை புது கேம்களில் இல்லை என்பான். ஆனால் பெட்டி எதையும் கற்றுக்கொள்ளாது. முப்பது வருடமாக அதே மூலையில் அதே காலுக்கு விழுகிறது. ஞாபகமும் கிடையாது. அணைத்தால், அதிக ஸ்கோர் எடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் அழிந்துவிடும். அதற்காகவே மூன்று வருடமாக அணைக்காமல் வைத்திருந்தான். வீட்டு இன்வர்ட்டர் புண்ணியத்தில் மின்வெட்டிலும் தப்பியது.

கீதாவுக்குப் புரியாதது இன்னொன்று. சரியாகத் தடுத்தாலும், மிச்ச உயிரைத் திரையில் காட்டும் உயிர்க்கோடு மயிரிழை குறையும்.

“தடுத்துட்டேனேடா, அப்புறம் ஏன் குறையுது?”

“தடுக்கறதுக்கும் தெம்பு போகும்ல, அதான்க்கா.”

நேற்று மதியம் ஒரு மணிக்கு டயாலிசிஸ் இருந்தது. வாரத்துக்கு மூன்று தடவை, மூன்று வருடம். ஆட்டோ, நாலு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி, மறுபடி ஆட்டோ. “இன்னிக்கு வேணாம்க்கா. திங்கக்கிழம பாத்துக்கலாம்,” என்றான். அவள் சரி என்றாள். அதை எவ்வளவு வேகமாகச் சொன்னோம் என்பதுதான் காலையிலிருந்து அவளை விடவில்லை. அவளுக்கு முதுகு வலித்தது. ஒரு மதியம் வீட்டில் இருக்கலாம் என்றிருந்தது.

இருவரும் ஆடினார்கள். முதல் தடவையாக அவள் ஜெயித்தாள். தோற்றவர் தொடர வேண்டுமானால், பெட்டி ஒன்பதிலிருந்து பூஜ்யம் வரை எண்ணி முடிப்பதற்குள் பொத்தானை அழுத்த வேண்டும். முகிலன் எப்போதும் ஒன்று வரும்வரை காத்திருந்து டக்கென்று அழுத்துவான். நேற்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு பூஜ்யம் வரை பார்த்தான்.

“நீ பேர் போடுக்கா.”

இப்போது திரையில் சண்டை முடிந்து பட்டியல் வந்தது. ஒன்பது வரியிலும் அவன் பெயர். பத்தாவது வரியில் மூன்று ஆங்கில எழுத்தில் அவள். நேற்று மதியம் அவர்கள் வீட்டிலேயே இருந்ததற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

“ஆஃப் பண்ணா ஸ்கோர்லாம் பூடும்க்கா,” என்றான் சின்னப்பன். “வண்டில ஒயர் கீது. கிச்சன்லேர்ந்து இஸ்துக்கவா?”

“அந்த லைன் தாங்காது. மிக்ஸி போட்டாலே ஃபியூஸ் போவுது.”

குனிந்து அவளே பிளக்கைப் பிடுங்கினாள். படம் சுருங்கித் திரை நடுவில் வெள்ளைப் புள்ளியாக நின்றது. பிறகு அதுவும் இல்லை.

கேம் பெட்டியைச் சுவரோரம் தள்ளினார்கள். முகிலனைத் தூக்கி வைத்து, கண்ணாடி மூடியை இறக்கினார்கள். மோட்டார் உறுமத் தொடங்கியது.

“அண்ணா, நேத்து போகல.”

“எங்க?”

“டயாலிசிஸுக்கு. வேணாம்னான். நானும் சரின்னுட்டேன்.”

ஏகநாதன் தோள் துண்டை எடுத்து, சின்னப்பன் ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். மூலைவரை துடைத்தார்.

“கூலிங் ஏற டைம் புடிக்கும்க்கா,” என்றான் சின்னப்பன், பெட்டியின் பக்கவாட்டில் எரிந்த சிவப்பு டிகிரி எண்ணைக் காட்டி. “கொறஞ்சிகினே வரும். நாலுல நிக்கும்.”

தெருவிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். யாரோ வைத்துவிட்டுப் போன காபியில் ஆடை படிந்தது. எண் ஒன்பதுக்கு வந்தபோது கீதா நகர்ந்து அதன் எதிரில் உட்கார்ந்தாள். எட்டு. வெகு நேரம் கழித்து ஏழு. அவள் கைகள் மடியில் இருந்தன.