பூட்டி வைத்த உப்பு

என் புருஷனைக் கொல்லப் பார்த்தவள் நான்தான். சொல்ல வெட்கமில்லை.

ஜெபராஜ் கறுத்துக்கொண்டே வந்தார். மீன் பிடிக்கிறவன் கறுக்காமல் என்ன செய்வான் என்று அந்தமானில் எங்கள் ஊரான ரங்கத் முழுக்கச் சொன்னார்கள். ஆனால் எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் மூன்று மாதம் வீட்டுக்குள் கிடந்தவர் இன்னும் கறுத்தார். அவருடைய அண்ணன் பென்னி தூத்துக்குடியில் இப்படித்தான் கறுத்து, இளைத்து, போன வருஷம் செத்தார். உடம்பில் இரும்புச்சத்து தேங்கி ஈரலைக் கெடுத்துவிட்டது. அதைக் குறைக்க அடிக்கடி ஒரு பை ரத்தம் எடுத்தார்கள். ஆனால் தொடங்கியதே லேட்.

குடும்ப நோய்தானே, எனக்குத் தெரியாதா? பென்னியின் மனைவி பிரிஸ்கில்லாவுக்குப் போன் போட்டு, பத்தியத்தை எழுதிக்கொண்டேன். இரும்புத் தோசைக்கல் பரணுக்குப் போனது. கீரை, ஈரல் கிடையாது. வயிறு வீங்குமாம், உப்பும் கூடாது. இவரோ திருட்டுப் பூனை மாதிரி கருவாட்டுப் பானையில் கைவிட்டு உப்பை நக்குவார். பானையையும் உப்பு ஜாடியையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன்.

ரத்தம் எடுக்கப் போர்ட் பிளேருக்குப் பஸ் ஏறினோம். வழியில் பாராடாங்கில் பெர்ரிப் படகுக்குக் காத்திருந்தபோது ஒருத்தி வெள்ளரிக்காயில் உப்பு தூவி விற்றாள். இவர் வாங்கிவிட்டார். நான் பிடுங்கிக் கடலில் எறிந்தேன்.

"செல்வி, ஒரு கடிதானே," என்று எழுந்தவர் அப்படியே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நளினி அவரைப் படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தார். உட்காரவைத்ததும் அது இன்னும் இறங்கியது.

"டாக்டர், முதல்ல ஒரு பை ரத்தத்த எடுங்க. இவுக அண்ணனுக்கு லேட்டா எடுத்தாவ, போய்ச் சேந்துட்டாரு."

"டெஸ்டுக்கு எடுத்தாச்சும்மா. பொறுங்க."

"எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க. எடுங்க."

டாக்டர் டார்ச் அடித்து அவர் வாயைத் திறந்தார். ஈறெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுப்பு. உள்ளங்கை ரேகைகளும் கறுப்பு. பதினெட்டு வருஷம் சோறு போட்டவள், என் கண்ணில் அது படவில்லை.

ரிசல்ட் வந்தது.

"இரும்புச்சத்து சரியாத்தான் இருக்கு. ரத்தத்துல உப்புதான் ரொம்பக் கம்மி. சிறுநீரகத்துக்கு மேல ஒரு சுரப்பி இருக்கும்மா, அது வேலை செய்யலன்னு நினைக்கிறேன். அதுலயும் கறுப்பாங்க, இளைப்பாங்க. ஆனா உப்பு உடம்புல தங்காது, பிரஷர் இறங்கிடும். உப்புக்கு ஏங்குவாங்க. இவர் உப்பு கேப்பாரா?"

இவர் என் கழுத்துச் சங்கிலியையே பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

"ரெண்டு மாசமா நாந்தான் பூட்டி வச்சிருக்கேன்," என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க கேட்ட ஒரு பை ரத்தத்த எடுத்திருந்தா, இங்கேயே போயிருப்பாரு."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஊசி போட்டு, டிரிப் ஏற்றினார்கள். பாட்டிலில் என்ன மருந்து என்று நர்ஸைக் கேட்டேன்.

"நமக் கா பானி," என்றாள். உப்புத் தண்ணீர்.

சாயந்திரம் இவர் கண் திறந்தார். "வீட்டுக்குப் போனா அலமாரியத் தொறப்பியா செல்வி?" என்று கேட்டார்.

பயந்து பயந்து கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.