மைக்ராஸ்கோப்புகள் போன இடம்

ஆய்வகத்தின் இரும்பு பீரோவைத் திறந்ததும், தப்பான பீரோவைத் திறந்துவிட்டோமோ என்று அடைக்கலமேரிக்குத் தோன்றியது. மேல்தட்டு காலி. கீழ்த்தட்டில் துணி உறை போட்ட மூன்று மைக்ராஸ்கோப்புகள் மட்டும் நின்றன. கோடை விடுமுறைக்கு முன்னால் அவளே துடைத்து உள்ளே வைத்தபோது இரண்டு தட்டும் நிறைந்திருந்தது. வெளியே இரண்டாம் ஆண்டு மாணவிகள் ரெக்கார்டு நோட்டும் கையுமாகக் காத்திருந்தார்கள்.

"சர்வீஸுக்குப் போயிருக்கு மேடம்" என்றார் துறைத் தலைவர் உதயசூரியன், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அத்தனையுமா சார்?"

"மூணு இருக்குல்ல. பேட்ச் பேட்ச்சா பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரிக் காட்டை ஒட்டியிருந்தது அந்தக் கல்லூரி. பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் நாலு உறுப்புக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அரசு மானியத்தைக் குறைக்கக் குறைக்க, ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடங்கள் நிரப்பப்படாமலே கிடந்தன. விலங்கியல் துறையில் நிரந்தர ஆள் என்று உதயசூரியன் ஒருவர்தான் மிச்சம். மற்ற வகுப்புகளை அடைக்கலமேரியும் அவளைப் போன்ற கௌரவ விரிவுரையாளர்களும் பார்த்துக்கொண்டார்கள். வருடாவருடம் பணியைப் புதுப்பித்தால் உண்டு, இல்லையென்றால் வீடு.

அவள் திருச்சியில் இருந்த சர்வீஸ் கடைக்குப் போன் போட்டாள்.

"ஒங்க காலேஜ்ல இருந்து ஒண்ணும் வரலையே மேடம்" என்றார் கடைக்காரர். "வந்தே ரொம்ப வருசமாச்சு."

அன்று முதல் உதயசூரியனைப் பார்க்கும் பார்வை அவளுக்கு மாறிப்போனது. அடுத்த மே மாதம் ஓய்வு பெறப் போகிறவர். புதுக்கோட்டையில் மாடி வைத்து வீடு கட்டிக்கொண்டிருந்தார். டைல்ஸ் கடைக்காரரோடு அவர் போனில் பேசுவதை முன்பெல்லாம் அவள் காதில் வாங்கியதே இல்லை. இப்போது ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

ஒரு மதியம் ஆய்வகத்துக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய வேன் ஒன்று நின்றது. உதவியாளர் ராக்கன் அதில் அட்டைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். பாதி மூடிய பெட்டிக்குள் கடல் குதிரையும் நட்சத்திர மீனும் மிதக்கும் கண்ணாடிச் சீசாக்கள் தெரிந்தன.

"எங்கண்ணே போகுது இதெல்லாம்?"

"சார் ஏத்தச் சொன்னாரு, ஏத்துறேன். கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்கங்கம்மா, வண்டி பின்னால வருது." ராக்கன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் நேராக முதல்வர் பரிமளாவின் அறைக்குப் போனாள். பீரோ காலியானது, கடைக்காரர் சொன்னது, வேன், கடைசியில் தயங்கித் தயங்கி அந்த மாடி வீடு, எல்லாவற்றையும் கொட்டினாள். பரிமளா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்ல மேடம்."

"சொல்லாதீங்க. நான் பாத்துக்கிறேன்."

படியிறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. என்னென்ன காணோம் என்று முதல்வர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை உதயசூரியன் வழக்கத்துக்கு மாறாகப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"மேடம், நம்ம வீடு எந்த மட்டுக்கு வந்திருக்குன்னு பாக்க ஆசையா இருந்தா ஒருநாள் வாங்களேன்."

 வீட்டைப் பற்றி அவள் பேசியது முதல்வரிடம் மட்டும்தான். அப்படியானால் இரண்டு பேரும் கூட்டா? அதன் பிறகு ஸ்டாஃப் ரூமில் யாராவது குரலைத் தாழ்த்தினால் தன்னைப் பற்றித்தான் என்று பட்டது. வருகிற வருடம் தன் பெயர் இருக்காது என்றே முடிவு கட்டிக்கொண்டாள்.

செப்டம்பரில் பரிமளா அவளைக் கூப்பிட்டனுப்பினார். "புதன்கிழமை கோட்டைப்பட்டினம் ரோட்டுல இருக்குற நம்ம யுனிவர்சிட்டியோட இன்னொரு காலேஜுக்குப் போயிட்டு வந்துருங்க. சின்ன ட்ரெயினிங்தான். ஆன் டியூட்டி போட்டுக்கலாம்."

"ஆர்டர் மேடம்?"

"வாய்மொழி உத்தரவுதான். போங்க."

ஊரும் கல்லூரியும் தெரியாத இடத்துக்குத் தன்னை மட்டும் ஏன் அனுப்புகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று பஸ் மாறிப் போனாள். கல்லூரி வாசலில் பெரிய கோலம். சுவர்களில் புதுச் சுண்ணாம்பு வாடை. விலங்கியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நீள மேசையில் மைக்ராஸ்கோப்புகள் வரிசையாக இருந்தன. முதல் கருவியின் கழுத்தில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. திருகு வழுக்குகிறது, கவனம் என்பதற்காக அவளே போன வருடம் வைத்த அடையாளம். பக்கத்தில் நட்சத்திர மீன் சீசா.

கதவோரம் மாட்டியிருந்த பலகையில், அந்தக் கல்லூரியின் ஆசிரியர்கள் என்ற தலைப்பின் கீழ் அவள் பெயரும் இருந்தது.

"திருடன் மாட்டிக்கிட்டான்னு நெனச்சீங்களா?" பின்னால் உதயசூரியன் நின்றார். சட்டையெல்லாம் வேர்வை. "அந்த வேன்லதான் நானும் வந்தேன். வசதியெல்லாம் இருக்கான்னு பாக்க இன்னைக்கு இங்க இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வருது மேடம். நாலு காலேஜுக்கும் சேத்து இந்த ஒரு செட்டுதான் உருப்படியா இருக்கு. புதுசு வாங்க நிதி இல்லைன்னு கைய விரிச்சுட்டாங்க. கமிட்டி எங்க போகுதோ, அதுக்கு முன்னாடி இது போகும். இப்ப ஆளும் போக வேண்டியிருக்கு."

"இத ஏன் சார் என்கிட்ட சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு உத்தரவு." ஒரு நொடி கழித்து, "சொல்ல வெக்கமாவும் இருந்துச்சு" என்றார்.

தன் சந்தேகத்தை நினைத்து அவளுக்கு முகம் சுண்டிப்போனது. அதற்குள் கமிட்டி வந்துவிட்டது. மூன்று பேரில் மூத்தவர் நரைத்த தாடி வைத்த பேராசிரியர். அவர் ஒரு மாணவியைக் கூப்பிட்டு, ஸ்லைடு ஒன்றை வைத்துக் காட்டச் சொன்னார். அவள் பெயர் கலைமதி. ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகில் போகிற மீனவரின் மகள். கண்ணை வைத்தபடி அவள் பெரிய திருகைத் திருப்பிக்கொண்டே போனாள். லென்ஸ் இறங்கி ஸ்லைடில் முட்டி, சின்னச் சத்தத்தோடு கண்ணாடி விரிந்தது.

"இதுல இதுக்கு முன்னாடி பாத்திருக்கியாம்மா?"

"நெறைய வாட்டி பாத்திருக்கேன் சார்."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

கலைமதி தயங்கவே இல்லை. "மேரி மேம்" என்று கையைக் காட்டினாள். அன்று காலையில்தான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்தார்கள்; பெயரும் பலகையில் பார்த்ததுதான். அந்தப் பெண்ணின் விரல் நுனியில் விரிசல் கண்ணாடி கீறி ரத்தம் துளிர்த்திருந்தது. அதை அவள் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

பேராசிரியர் திரும்பினார். "எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க மேடம்?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் தாவணிக்குள் மறைந்த அந்த விரலைப் பார்த்தபோது அடைக்கலமேரியால் அதைச் சொல்ல முடியவில்லை.

"காலையில பத்து மணிக்கு வந்தேன் சார். இந்த மைக்ராஸ்கோப்பும் எங்க காலேஜோடதுதான். இந்தப் புள்ளைங்க இன்னைக்குத்தான் இதப் பாக்குறாங்க."

 பேராசிரியர் எதையோ குறித்துக்கொண்டார். உதயசூரியன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை போகும் என்று அவள் காத்திருந்தாள். போகவில்லை. மாறாக, மைக்ராஸ்கோப்புகள் வேனில் திரும்பி வந்து பீரோவில் ஏறின. பரிமளா அவளைப் பார்க்கும்போதெல்லாம் முன்னைவிட அன்பாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

பொங்கலுக்கு முன்னால் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு வந்தது. கடலோரக் கல்லூரியில் அடிப்படை வசதி போதாது என்று கமிட்டி சொன்னதால் விலங்கியல் பாடப்பிரிவு அங்கே மூடப்படுகிறது. படித்துக்கொண்டிருக்கும் மாணவிகள் கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்துகொள்ளலாம்.

அன்று மாலையே கலைமதி நம்பர் தேடிப் பிடித்துப் போன் செய்தாள்.

"அவ்வளவு தூரம் அப்பா அனுப்ப மாட்டேங்கிறாங்க மேம். எங்க கோர்ஸை மூடத்தான் வந்தீங்களா?"

"நான் உள்ளதத்தான்மா சொன்னேன்."

"நான் ஒங்களுக்காகத்தானே பொய் சொன்னேன்" என்றாள் அந்தப் பெண். போன் கட்டானது.

அடைக்கலமேரி நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் போய்வரக்கூடிய விரிவுரையாளர்கள் அந்த நாலு கல்லூரியிலும் எத்தனையோ பேர். ஏற்கெனவே ஒருமுறை புகார் சொன்ன தன்னை ஏன் பொறுக்கி எடுத்தார்கள்? ஒரு துறையை மூடினால் ஒரு செலவு மிச்சம். பல்கலைக்கழகமே மூடினால் போராட்டம் வரும். கமிட்டி சொல்லி மூடினால் யாரைக் கேட்பது?

மறுநாள் பரிமளாவிடமே கேட்டாள். "அன்னைக்கு என்னை ஏன் மேடம் அனுப்புனீங்க?"

"மேல இருந்து ஒரு ஆள் பேரு கேட்டாங்க. குடுத்தேன்."

"எப்படிப்பட்ட ஆள் வேணும்னு கேட்டாங்களா?"

பரிமளா கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க நேர்மையானவங்கன்னு சொன்னேன். அதுல என்னம்மா தப்பு?"

அதற்கு மேல் அவரிடமிருந்து எதையும் வாங்க முடியவில்லை. உதயசூரியனைக் கேட்டாள். "எனக்கும் அதே யோசனைதான் மேடம்" என்றார். "ஆனா யார்கிட்ட போய்க் கேக்குறது?"

சனிக்கிழமை அவள் ஜெகதாப்பட்டினத்துக்கு பஸ் ஏறினாள். கலைமதியின் அப்பா வாசலில் கிழிந்த வலையைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். அடைக்கலமேரி தான் யார் என்று சொன்னாள். கந்தர்வக்கோட்டையில் அரசு மாணவியர் விடுதி இருக்கிறது, வார்டன் தெரிந்தவர், வாராவாரம் தானே பஸ் ஏற்றி விடுகிறேன் என்றாள்.

அவர் ஊசியை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு நிமிர்ந்தார்.

"அன்னைக்கு ஒங்கள யாரோ அனுப்பி வந்தீங்களாம். இப்ப யாரு அனுப்புனாங்க?"

"யாரும் அனுப்பலைங்க. நானாத்தான் வந்தேன்."

"அப்படியா" என்றார் அவர். நம்பியதாகத் தெரியவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. உள்ளே கதவுக்குப் பின்னால் கலைமதி நிற்பது நிழலில் தெரிந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது கலைமதி வந்திருந்தாள். அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டதும் "எஸ் மேம்" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.