இரண்டாம் இடம் போதும்

பஸ் டெப்போ கொட்டகையில் வெல்டிங் வேலை அவளுக்கு. போன சங்கத் தேர்தலில் டிரைவரான அவள் அண்ணனும், அவனுடைய கூட்டாளி எலக்ட்ரீஷியனும் முறுக்கிக்கொண்டு நின்று ஓட்டைப் பிரித்தார்கள். நடுவில் புகுந்து மேனேஜரின் ஆள் ஜெயித்துவிட்டான். பாதிப் பேருக்கு மேல் யாரை வேண்டாமென்றார்களோ அவனே தலைவன்!

அந்த வயிற்றெரிச்சலில்தான் இந்த முறை கூட்டத்தில் எழுந்தாள்.

"நிக்கிற மூணு பேரையும் சீட்டுல வரிசைப்படுத்துவோம். முதல் இடத்துக்கு ரெண்டு புள்ளி, ரெண்டாவதுக்கு ஒண்ணு, கடைசிக்கு ஒண்ணுமில்ல."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

மேனேஜரின் ஆள் இந்த முறை நிற்கவே இல்லை. அண்ணனுக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் எதிரே நின்றது ஸ்டோர் கீப்பர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று 'சாது' என்றே கூப்பிடுவார்கள். ஒருநாள் சத்தமில்லாமல் அவள் பின்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, முதல் இடம் உங்க அண்ணனுக்கே போடும்மா. எனக்கு ரெண்டாவது போதும்."

"எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு?"

"அவருக்குப் புள்ளி போனா உங்க அண்ணனுக்குத்தானே ஆபத்து?"

சிரித்தார். கண் சிரிக்கவில்லை. ஆனாலும் ஓட்டுப் போடும்போது அவர் சொன்னபடியே எழுதினாள். இதையேதான் எலக்ட்ரீஷியன் பக்கத்தாரிடமும் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லியிருக்கிறார் என்பது எண்ணும்போதுதான் விளங்கியது. முதல் இடங்கள் அண்ணனுக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்திருந்தன. சாதுவுக்கு முதல் இடம் தந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருக்கு இரண்டாம் இடமோ கிட்டத்தட்ட மற்ற எல்லாச் சீட்டிலும். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் சாதுதான் தலைவர்.

மறுநாள் காலை சங்க அறையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மேனேஜரின் குரல். மதியத்துக்குள் அண்ணனுக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் சஸ்பென்ஷன். சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று சாது கையெழுத்துப் போட்டிருந்தார்.

அவள் கொட்டகை முழுக்க ஓடி ஓடிக் கேட்டாள். "யாராவது வாங்களேன், போய்க் கேப்போம்!"

"நான் அவரைத் தேர்ந்தெடுக்கலையேம்மா" என்றார் மெக்கானிக், தலை நிமிராமல். அடுத்தவரும் அதையேதான் சொன்னார். யாரும் பொய் சொல்லவில்லை.

சங்க அறை வாசலில் சாது நின்றார்.

"நல்ல முறை கொண்டாந்தே தங்கச்சி. ஆனா எண்ணுறதுக்கு ரொம்ப நேரமாகுது. அடுத்த தடவை கை தூக்கினா போதும். யாரு தூக்கலைன்னு நானே பாத்துக்குறேன்."

ஷட்டர் முழுதாக இறங்கியது.