பார்க்காத பன்னிரண்டு படங்கள்

சாரம் பகுதியில் குடியிருக்கும் செம்மல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, நூற்றெண்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கறுப்பு வெள்ளையானார். தோளில் போட்டிருந்த சால்வை சிவப்பாகவே இருந்தது, சட்டை நீலமாகவே இருந்தது. முகமும் கைகளும் மட்டும் பழைய படத்தில் வருகிறவர்களுடையதைப் போல ஆகிவிட்டன. இடது கன்னத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு ஓடி ஓடி மறைந்தது, தேய்ந்த படச்சுருளில் ஓடுமே, அது மாதிரி. வலி ஒன்றும் இல்லை.

அவர் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் உதவியாளர். ஐம்பத்திரண்டு வயதுவரை யாரும் அவரை எதற்காகவும் மேடையேற்றியதில்லை. அன்று ஏற்றியதற்குக் காரணம் முப்பத்திரண்டு பக்கத்தில் அவர் போட்ட ஒரு சிறு புத்தகம். படங்கள் பாடத் தொடங்கிய காலத்தில் வந்தவற்றில் பாட்டுப் பிரியர்கள் தவறவிடக் கூடாத பன்னிரண்டு படங்களைப் பற்றியது. எடுத்த எடுப்பில் ஐம்பது பாட்டுப் படத்தில் இறங்காதீர்கள், பதினெட்டுப் பாட்டோடு நிற்கும் 'கழுதை ராஜா' படத்தில் ஆரம்பியுங்கள் என்று அதில் இருந்தது. பாடும்போது நடிகர்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், மைக்கு பக்கத்துப் பூந்தொட்டிக்குள் இருக்கிறது என்றும் இருந்தது. படித்தவர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால் அதில் ஒரு வரிகூடச் செம்மலுடையது இல்லை. எல்லாம் முல்லா வீதியில் தையல் கடை வைத்திருக்கும் ஜஹபர் நிஷா சொன்னது. பேண்ட் இடுப்பைப் பிடித்துக் கொடுக்கும்வரை ஸ்டூலில் காத்திருந்த நாட்களில், மிஷினை மிதித்துக்கொண்டே அந்தம்மாள் சொன்னதையெல்லாம் செம்மல் செல்போனில் குறித்துக்கொண்டார். பன்னிரண்டில் ஒன்றைத்தான் அவர் பார்த்திருந்தார், அதுவும் பாதி.

பாராட்டுக் கூட்டத்தில் பூவிழி என்ற கல்லூரி மாணவி எழுந்து, ஏழாவது படத்தில் கதாநாயகி கடைசிப் பாட்டைப் பாதியில் நிறுத்திவிடுவது ஏன் என்று கேட்டாள். பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செம்மலோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்த இடத்தில் படச்சுருள் கெட்டுப்போய்விட்டது என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நிறம் போய்விட்டது. மூன்றாவது வரிசையில் ஜஹபர் நிஷா தன் கணவர் அப்துல் கையூமோடு உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார். சுவரொட்டியைப் பார்த்து வந்திருந்தார்கள். கூட்டம் கைதட்டியது, அந்தம்மாளும் தட்டினார்.

தோல் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனைவி தனக்கொடி குங்குமம் வைத்துப் பார்த்தாள், நெற்றியில் பட்டதுமே அது கறுத்தது. இதெல்லாம்கூடப் பெரிதில்லை. ஊர் அதை ஒரு பேறு என்று எடுத்துக்கொண்டதுதான் தாங்க முடியாததாக இருந்தது. படங்களின் மேல் அவ்வளவு உயிர், அதனால் படமே அவர் மேல் இறங்கிவிட்டது என்றார்கள். பள்ளிக்கூடங்கள் கூப்பிட்டன. கடற்கரையில் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டார்கள். பதினோரு மாதத்தில் ஒன்பது சால்வை சேர்ந்தது. ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு வந்து, தனக்கொடி பார்க்காமல் பீரோவின் அடித்தட்டில் திணித்தார். கூனிக் குறுகிப்போனவர் முல்லா வீதிப் பக்கம் போவதையே விட்டார். கிழிந்த சட்டையை ஊசி நூல் எடுத்துத் தானே தைத்துக்கொண்டார்.

பத்தாவது சால்வைக்கு அழைப்பு வந்த அன்று கடைக்குப் போய் நின்றார்.

"நிஷாம்மா, அந்தப் புத்தகம் உங்களுது. நான் ஒரு படமும் முழுசா பாக்கல."

ஜஹபர் நிஷா பல்லில் கடித்திருந்த குண்டூசிகளை எடுத்து வைத்தார். "தெரியும்ணே. படச்சுருளு கெட்டுப்போச்சின்னீங்களே, அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் நீங்க எழுந்து சொல்லல?"

"நீங்கதான் அங்கியே வெளுத்துப்போய் நின்னீங்களே. அதுக்கு மேல நான் வேற என்னத்தச் சொல்றது? வூட்டுக்கு வந்து ரெண்டு நாளு அழுதேன், அவ்ளோதான்."

அந்த ரெண்டு நாள் செம்மலின் நெஞ்சில் போய்க் குத்தியது. தலையைக் குனிந்துகொண்டு, அந்த ஏழாவது படத்துப் பெண் ஏன்தான் பாட்டை நிறுத்துகிறாள் என்று கேட்டார்.

"கேட்டுக் கேட்டுத்தான இவ்ளோ தூரம் வந்துச்சி? உக்காந்து பாருங்க."

மிஷினுக்கு மேலே மாட்டியிருந்த சின்ன டிவியில், வாரத்துக்கு ஒன்றாக, பன்னிரண்டு வாரம் பார்த்தார். நான்காவது படத்தில் தூங்கிவிட்டார், அந்தம்மாள் ஸ்கேலால் தட்டி எழுப்பினார். ஏழாவது படத்தில், கடலுக்குப் போன புருஷனுக்காகக் கதாநாயகி முப்பது பாட்டுப் பாடுகிறாள். அழுவதும் பாட்டு, அண்டை வீட்டாரோடு சண்டை போடுவதும் பாட்டு. முப்பத்தோராவது பாட்டின் இரண்டாவது அடியில் அவன் வாசலில் வந்து நிற்கிறான். அவள் சட்டென்று பாட்டை நிறுத்தி, படத்திலேயே முதல்முறையாகப் பேசுகிறாள். "சாப்பிட்டீங்களா?" என்கிறாள். செம்மல் குலுங்கி அழுதார். அப்துல் கையூம் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னார். ஒருவர் சால்வையைத் திருப்பிக் கேட்டார், பூவிழி எழுந்து வெளியே போனாள். கல்லூரியில் ஆறு மாதம் யாரும் அவரோடு சேர்ந்து சாப்பிடவில்லை. புத்தகம் ஜஹபர் நிஷா பெயரில் மறுபடி வந்தது. செம்மலுக்கு நிறம் திரும்பவில்லை, அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. வாக்காளர் அட்டைக்குப் படம் எடுத்தவர் ஒருமுறை கேமராவைச் சரிபார்த்துவிட்டு, பிறகு அப்படியே விட்டுவிட்டார்.

போன மாதம் ஜஹபர் நிஷாவை முதன்முதலாகப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் ஏறியதும் அந்தம்மாளின் கையிலிருந்து மைக்கு இரண்டு தடவை நழுவியது. கீழே நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த செம்மல் போய் அதை எடுத்து, அவர் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் கை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தார். அரங்கம் முழுவதும் ஜஹபர் நிஷாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சாம்பல் நிறக் கையை யாரும் கவனிக்கவில்லை.