ஐம்பத்தொரு லட்சம் பேர்

ராஜலிங்கம் டென்மார்க்கிலிருந்து எழுதும் கடிதங்களில் அவனைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. நாட்டைப் பற்றித்தான் இருக்கும்.

"இங்கே மலையே இல்லை, புஷ்பம். நாட்டிலேயே உயரமான இடம் நூற்றெழுபது மீற்றர்தான். நானூறுக்கு மேல் தீவுகள். எங்கிருந்து போனாலும் ஒரு மணி நேரத்தில் கடல். சனத்தொகை ஐம்பத்தொரு லட்சம்."

புஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது. லயத்து வீட்டிலிருந்து கோயிலுக்கு ஏறுவதே அவ்வளவு இருக்கும். வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள் அவள். ராஜலிங்கத்தோடு கல்யாணமான ஏழாம் மாதம், எண்பத்து மூன்று கலவரத்தில், அவன் வேலை பார்த்த கண்டிக் கடை எரிந்தது. மறுவருஷம் அவன் புறப்பட்டுப் போனான்.

மார்கழியில் வந்த கடிதத்துக்கு அவளால் சிரிக்க முடியவில்லை. "மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது. காலை எட்டரை வரை விடிவதில்லை. ஞாயிறு இரண்டு மணிக்குப் பாயிஸ் நானா கடைக்கு டெலிபோன் எடுக்கிறேன்."

வத்தேகமவில் கடை வைத்திருந்த பாயிஸ் நானா டெலிபோனை அவளிடம் கொடுத்துவிட்டுக் கடைவாசலுக்குப் போனார்.

"இன்னைக்கு இங்க மைனஸ் நாலு" என்று தொடங்கினான் ராஜலிங்கம்.

"அது இருக்கட்டும். ஐம்பத்தொரு லட்சம் பேர்னு எழுதுனீங்களே, அதுல ஒருத்தர்கூட உங்ககிட்ட பேசலையா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பக்கத்து வீட்டுக் கிழவி கோப்பி குடிக்கக் கூப்பிடுறா. பாஷை வராது. நான்தான் கதவைத் தொறக்கிறதில்ல."

"அடுத்த தடவை தொறங்க. பேச வராட்டி சிரிச்சிக்கிட்டு உட்காருங்க. நான் வர்ற வரைக்கும் உங்க மொகத்தப் பார்க்க ஒரு ஆள் வேணும்."

அடுத்த கடிதம் மாசியில் வந்தது. தொட்டிலில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் பிரித்தாள்.

"அந்த அம்மா பேர் கிர்ஸ்டன். உருளைக்கிழங்கு சூப் தந்தா. உன் படத்தைக் காட்டினேன். ஏதோ ஒரு சொல் சொன்னா. அகராதியில் பார்த்தேன், 'அழகு' என்று இருந்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, புஷ்பம். அவ ஒன்றும் கேட்காமல் இன்னொரு கோப்பை ஊற்றினா."

புஷ்பம் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் எழும்பிவிடாதபடி, வாயைப் பொத்தி அழுதாள்.

புஷ்பத்துக்கு விசா வர இன்னும் பதினான்கு மாதம் ஆனது. கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் ராஜலிங்கம் மெலிந்து நின்றான். பக்கத்தில் உயரமான ஒரு வெள்ளைக்காரக் கிழவி, கையில் தானே பின்னிய நீலக் கம்பளிச் சட்டை. படத்தை வைத்தே அளவு பார்த்தாளாம். இரண்டு புஷ்பம் நுழையலாம்.

புஷ்பம் அதைச் சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டாள்.