பேராசிரியர் கண்ட பள்ளம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், அயனித் திரவக் கலவையின் அடர்த்தியில் மனித குலம் இதுவரை காணாத ஒரு பள்ளம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டவர் பேராசிரியர். கண்ட கையோடு அதற்குத் தன் பெயரையே சூட்டிவிட்டார்.

அயனித் திரவம் என்றால் மிரள வேண்டாம், உப்புதான். அடுப்பில்லாமலே உருகித் தேனாக ஒழுகும் உப்பு. அதில் ஆல்கஹாலைக் கலந்து, ஊசிக்குழலால் ஓர் உலோகக் குழாய்க்குள் தள்ளி, அழுத்தத்தை ஏற்ற ஏற்ற அடர்த்தியைக் குறிக்க வேண்டும். ஏழு வருடமாக இதைச் செய்துவந்த ஆய்வு மாணவி ஊற்றினால் வரைபடத்தில் கோடு சீராக ஏறும். பேராசிரியர் ஊற்றினால் மட்டும் முதலில் தொபுக்கென்று விழும். அழுத்தம் கூடியதும் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துகொள்ளும்.

"சார், உள்ளே காத்து மாட்டியிருக்கு. மெதுவா தள்ளணும்."

"அனுபவம் இல்லாத கைக்கு அது சிக்காதும்மா. பள்ளத்தைப் பத்தி ஒரு அத்தியாயம் எழுது, அப்புறம் கையெழுத்து."

கையெழுத்தில்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. அவள் சேர்ந்தபோது வயிற்றிலிருந்த மகள் ஒன்றாம் வகுப்பை முடித்துவிட்டு, "நான் பாஸாயிட்டேன், நீ எப்பம்மா?" என்கிறாள்.

"எழுதித் தொலைச்சிடும்மா, யாரு படிக்கப் போறா?" என்றார் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன்.

"நான் படிப்பேனே, அண்ணே."

பள்ளத்தைத் தரிசிக்க வெளியிலிருந்து நிபுணர் அம்மையார் வந்தார். "முதல்ல இவங்க ஊத்தட்டும்" என்று மாணவியைக் காட்டினார்.

பேராசிரியர் அவள் காதருகே குனிந்தார். "மெதுவா ஊத்தினா டிகிரியும் மெதுவாத்தான் வரும்."

ஒரே அழுத்து அழுத்தினால் போதும், கையெழுத்து. அவள் ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டு தள்ளினாள். பள்ளம் இல்லை.

"கைராசி இல்லை" என்று அறிவித்துவிட்டு, கழுவிக் காயவைத்த குழாய்க்குள் பேராசிரியர் ஊசிக்குழலைச் செருகி ஒரே தள்ளு தள்ளினார். பள்ளம் விழுந்தது. துறையே கைதட்டியது.

அம்மையார் தட்டவில்லை. கழிவு பாட்டிலுக்குப் போகும் கண்ணாடிக் குழாயருகே போய் உட்கார்ந்தார். "அழுத்தத்தை இறக்குங்க."

டெக்னீஷியன் இறக்கினார். தேன்போன்ற திரவத்தில் கடுகளவு குமிழி ஒன்று, மாப்பிள்ளை நடையில், அவசரமே இல்லாமல் வந்தது. எல்லாத் தலைகளும் கூடவே திரும்பின. பாட்டில் வாயில் அது பொட்டென்று உடைந்தது.

"இதுக்கா சார் உங்க பேரை வெச்சீங்க?" என்றார் அம்மையார்.

மாலைக்குள் கையெழுத்து விழுந்தது. அத்தியாயத்தை யாரும் கேட்கவில்லை.

அது காற்று.